சீட்டி அங்கிளுக்கு யூனிபார்ம்

தாராவியில் நாங்கள் இருந்த அறை பத்துக்குப் பத்து. மேலே மாலா என்கிற ஒரு பரண், ஏறுவதற்கு இரும்பு ஏணி. அம்மா, நான், மனைவி, மூன்று பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து தங்கிவிட்ட மச்சினன் என்று அத்தனை பேரும் படுத்தால், நடுராத்திரியில் ஒருத்தர் புரள மற்றவர்களின் சம்மதம் வேண்டும். பூச்சாண்டி வந்தாலும் நிற்க இடம் கிடையாது. என் பிள்ளைகள் யாரும் இருட்டுக்குப் பயந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டில் கட்டிலே இல்லாதபோது கட்டிலுக்கு அடியில் யார் இருக்க முடியும்?

இப்போது மகன் செம்பூரில் மூன்றாவது மாடியில் வீடு வாங்கியிருக்கிறான். ஐந்து வயதுப் பேரனுக்குத் தனி அறை. அதில் கட்டில், கதவு வைத்த அலமாரி, தரை வரை தொங்கும் திரை. பேய் குடியிருக்கச் சகல வசதியும் செய்து கொடுத்துவிட்டு, "அங்க ஒண்ணும் இல்லடா, தூங்கு" என்றால் அவன் எப்படித் தூங்குவான்?

அவனுக்கு இரண்டு பேர் மேல் பயம். ஒருவர் பூச்சாண்டி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இவரைக் கூட்டி வந்தவள் என் மனைவி. சோறு ஊட்டும்போது ஒத்தாசைக்கு வைத்துக்கொள்வாள். இன்னொருவர் பாகுல்புவா. பாத்திரம் தேய்க்க வரும் அம்மா அறிமுகப்படுத்திய மராத்திக்காரர். பூச்சாண்டிக்குக் கட்டிலுக்கு அடியில் ஜாகை, பாகுல்புவாவுக்கு அலமாரிக்குள். இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களா என்று கேட்டேன். "அவருக்குத் தமிழ் தெரியாது தாத்தா" என்றான்.

இது போதாதென்று விசில் வேறு. ராத்திரி எங்கள் சொசைட்டி வாட்ச்மேன் கம்பைத் தரையில் தட்டிக்கொண்டே சுற்றி வருவார், நடுநடுவே ஒரு விசில் கொடுப்பார். திருடனுக்குக் கேட்கிறதோ இல்லையோ, இவனுக்குக் கேட்டுவிடும். உடனே தலையணையைத் தூக்கிக்கொண்டு எங்கள் அறைக்கு வந்துவிடுவான். ஆச்சி பக்கம் தலை, என் வயிற்றில் கால்.

மகன் முதலில் பணத்தால் தீர்க்கப் பார்த்தான். கூரையெல்லாம் நட்சத்திரம் காட்டிச் சுற்றும் விளக்கு ஒன்று ஆன்லைனில் வந்தது. பையன் பதினோரு மணி வரை கொட்டக் கொட்ட விழித்து நட்சத்திரத்தை எண்ணினான், அப்புறம் அதைச் சுற்றுவது யார் என்று சந்தேகம் வந்து எங்கள் அறைக்கு வந்தான். படுக்கை அறைக்கு நீலமும் வெள்ளையுமான பளிச் விளக்கு ஆகாது, தூக்கத்தை விரட்டிவிடும். மங்கலான மஞ்சளோ சிவப்போ போதும். எங்கள் சாமி அலமாரியில் எரியும் சின்ன சிவப்பு பல்பே தாராளம்.

மருமகள் ஒரு ஸ்ப்ரே பாட்டிலில் வெட்டிவேர் ஊறிய தண்ணீரை ஊற்றி, "இது பூச்சாண்டி மருந்து, அடிச்சா ஓடிடும்" என்று கொடுத்தாள். கட்டிலடி, அலமாரி, திரை எல்லாம் அடித்தான். அமெரிக்காக்காரனுடன் மீட்டிங்கில் இருந்த அவன் அப்பாவின் லேப்டாப்புக்கும் ஒரு டோஸ் கிடைத்தது. அதற்குப் பிறகு அவளே போனில் எதையோ படித்துவிட்டு வந்து, "மாமா, மருந்து அடிச்சா பூச்சாண்டி நிஜமாவே இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்" என்றாள். நியாயம்தான். பாட்டிலை நான் இஸ்திரி போட எடுத்துக்கொண்டேன். சட்டையெல்லாம் வெட்டிவேர் மணக்கிறது.

இன்னொன்றும் படித்துக் காட்டினாள். இஸ்ரேலில் செய்து 2012-இல் வெளியான ஆராய்ச்சி. ராத்திரி பயப்படுகிற 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாய்க்குட்டி பொம்மையைக் கொடுத்தார்களாம். சில பிள்ளைகளிடம் "இது உன்னைக் காப்பாற்றும்" என்றார்களாம். மற்றவர்களிடம் "இது பாவம், நீதான் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்களாம். இரண்டு விதத்திலும் பயம் குறைந்ததாம். பொம்மை என்றதும் என் கை பரபரத்தது. நாற்பது வருஷத் தையல்காரன், ரிட்டயர் ஆன பிறகு தலையணை உறை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம் பேரனைக் கீழே கூட்டிப்போய் வாட்ச்மேனிடம் விட்டேன். கம்பைத் தட்டிப் பார்த்தான். விசிலை ஊதிப் பார்த்தான் (ஆச்சியிடம் சொல்லவில்லை). மேலே வந்ததும் முதல் வார்த்தை: "தாத்தா, எனக்கும் ஒரு வாட்ச்மேன் வேணும்."

தாராவியில் எத்தனையோ கஸ்டமரைப் பார்த்திருக்கிறேன். கல்யாணக் கோட்டு ஒன்றை முகூர்த்தத்தன்று காலையில் ஆல்டர் பண்ணச் சொன்னவரைக்கூட சமாளித்திருக்கிறேன். இவனைப் போல ஒருத்தரைப் பார்த்ததில்லை. தொண்ணூறடி ரோட்டில் பழைய சிநேகிதர் கடையில் சிந்தி என்கிற வெட்டுத் துணி கிலோ கணக்கில் கிடைக்கும், அதில் நல்ல காக்கித் துண்டாகப் பார்த்து எடுத்து வந்தேன். "காக்கி போலீஸ் தாத்தா. வாட்ச்மேனுக்கு நீலச் சட்டை." சரி, வெளிர்நீலச் சட்டை, கருநீல பேன்ட். டிரையலுக்குக் காட்டினால் தோளில் பட்டி எங்கே என்கிறான். பட்டி வைத்தால் தொப்பி சின்னது என்கிறான். தொப்பி பெரிதானதும் தொப்பையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றான். எங்கள் வாட்ச்மேன் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீட்டில் பொம்மை தைக்கிறவர்களுக்குத் தொழில் ரகசியம் கொஞ்சம். கண்ணுக்கு பட்டன் வைக்க வேண்டாம். முலுண்டில் இருக்கும் மகளின் சின்னவன் எதைக் கண்டாலும் வாயில் போடுகிற வயது, பிய்ந்து வந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். கறுப்பு நூலால் நெருக்கமாகக் கண்ணைத் தைத்துவிட்டேன். கழுத்து, அக்குள் என்று வளைவு வருகிற இடத்தில், துணியைத் திருப்புவதற்கு முன் தையலைத் தொடாமல் சின்னச் சின்ன வெட்டு கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பியதும் கழுத்து சுருங்கி, ஆள் யாரையோ முறைக்கிற மாதிரி வந்துவிடும். எல்லா இடத்திலும் இரட்டைத் தையல். இலவம்பஞ்சு வேண்டாம், துவைத்தால் கட்டி கட்டியாகிவிடும். பாலியெஸ்டர் பஞ்சு மெஷினில் போட்டாலும் தாங்கும்.

ஆனால் ஆள் உட்காரவில்லை, தலை கனத்துக் குப்புற விழுந்தார். "அடியில கனம் வேணும்" என்று என் மனைவி இரண்டு கை அரிசியைத் தொப்பைக்குள் போட்டுவிட்டாள். மும்பை மழைக்காலத்தில் அரிசி டப்பாவில் வண்டு விடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு, வாட்ச்மேன் வயிற்றில் சும்மா இருக்குமா? ஒரு நாள் சட்டை பட்டிக்கு மேலே கறுப்பாக ஒன்று நடந்து வந்தது. மருமகள் அலறிவிட்டாள். பேரன் அதைக் கையில் ஏற்றி, தோள்வரை நடக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறான். கண்ணுக்குத் தெரிகிற பூச்சியிடம் துளிப் பயமில்லை! தொப்பையைப் பிரித்து, அரிசியை எறிந்துவிட்டு, ஜீன்ஸ் வெட்டுத்துண்டுகளைத் திணித்துத் தைத்தேன். இப்போது கம்பீரமாக உட்காருகிறார்.

இதே சமயம் என் மனைவி பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவிடம் கற்றுக்கொண்டு ஒரு கோதடி தைத்துக்கொண்டிருந்தாள். பழைய நூல் சேலைகளை அடுக்கி, விளிம்பிலிருந்து நடுவரை ஓட்டத் தையலாகவே போகிற கனத்த போர்வை. மேலே ஒட்டுத் துண்டுகள். அதில் மகனின் பள்ளிக்கூட டிராயர் துண்டு ஒன்று உண்டு. "இது அப்பா கிழிச்ச இடமா?" என்று பேரன் தினமும் விரலை விட்டுக் கேட்கிறான். கிழிந்த கதையை அவள் நாளுக்கு நாள் நீட்டிக்கொண்டே போகிறாள். இப்போது அதில் நாய் துரத்துகிறது, மாஹிம் கடற்கரை வருகிறது. மகன் மறுத்துப் பார்த்து அலுத்துவிட்டான்.

சீட்டி என்பது பொம்மைக்குப் பேரன் வைத்த பெயர். முதல் ராத்திரி ஆச்சி அவரை அலமாரிக் கதவோரம் காவலுக்கு உட்கார வைத்து, "எய்யா, அவரு பாத்துக்கிடுவாரு, நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் சீட்டி கட்டிலில், கோதடிக்குள். பேரன் அவர் தொப்பியைத் தடவிக்கொண்டு, "டரோ மத், சோ ஜாவ்" (பயப்படாதே, தூங்கு) என்று இந்தியில் சொல்கிறான். வாட்ச்மேனுக்கும் தமிழ் தெரியாதாம். காவலுக்கு வைத்த ஆளே பயந்துவிட்டார், இவன் தேற்றிக்கொண்டிருக்கிறான். கீழே விசில் கேட்டது. "ஆப்கா தோஸ்த்" (உங்க சிநேகிதர்) என்று சீட்டியிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

தினமும் இப்படி என்று சொல்லமாட்டேன். இடி இடித்தால் இன்னும் எங்கள் அறைதான். சீட்டியும் கூட வருவார். ஜீன்ஸ் தொப்பை என் விலாவில்.

விஷயம் முலுண்டுக்குப் போய்விட்டது. மகளின் பெரியவள் போன் செய்து அவளுக்கும் தாத்தா தைத்துத் தர வேண்டும் என்றாள். அவளுக்குப் பேயெல்லாம் பொருட்டில்லை, கிரைண்டர்தான். ராத்திரி இட்லி மாவு ஓட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்வாள். அதனால் கிரைண்டருக்கு ஒரு சட்டை, முன்பக்கம் கண் மூடித் தூங்குகிற மாதிரி. "ஓடுற கிரைண்டருக்கு எப்படிப்பா சட்டை மாட்டுறது?" என்று மகள் கேட்கிறாள். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இடுப்பளவு அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன். கழுத்தளவும் வேண்டும். காலர் வைக்கச் சொல்லியிருக்கிறாள் பேத்தி.