மோட்டார் பெட்டியில் ஒரு பூட்டு

2020 மே மாதம். கோயம்பேட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், சந்தையை மூடியதும் லாரி பிடித்து கடலூர் முதுநகருக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்து வந்தவர்களால்தான் கடலூரில் கொரோனா ஏறுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. மறுநாளே பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். சாயங்காலம், வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் அண்ணன் மனைவியான அக்காவுக்குப் போன் செய்தார்: "ஞாயித்துக்கெழமைக்குள்ள காலி பண்ணிடும்மா."

எங்களுடையது லைன் வீடு. நாலு குடும்பத்துக்கும் ஒரே மோட்டார். அக்காவுக்கு இரண்டு மாத வாடகை பாக்கி, 6,000 ரூபாய். விடிந்து பார்த்தால் மோட்டார் பெட்டியில் புதுப் பூட்டு, அதன் அட்டை உறை கீழே கிடந்தது. யாருக்குப் போன் போட்டாலும் முதலில் கை கழுவச் சொல்லும் குரல்தான் வரும். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வெறும் குடத்தோடு நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

மத்திய அரசு மார்ச் 29 அன்றே உத்தரவு போட்டிருந்தது: தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது, அவர்களைக் காலி செய்ய வைத்தால் நடவடிக்கை. அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்த ஒரு மாசம்தான் முடிஞ்சிடுச்சே" என்றார். காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதை அவர் காதில் வாங்கவே இல்லை.

இதுதான் என் ஆற்றாமை. வங்கிக் கடன் வாங்கியவர்களுக்குத் தவணையைத் தள்ளிப்போட முதலில் மூன்று மாதம், அப்புறம் இன்னொரு மூன்று மாதம் கொடுத்தார்கள். கூலிக்காரர் வாடகைக்கு ஒரே மாதமா? தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இருக்கிறது. தண்ணீரை நிறுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அது எழுத்து ஒப்பந்தம் கேட்கிறது. எங்கள் வரிசையில் எல்லாமே வாய்ப்பேச்சு. இனி இப்படியொரு நோய்க்காலம் வந்தால், அது முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது, பாக்கியைத் தவணையாகக் கட்டலாம் என்று உத்தரவு வேண்டும். பூட்டு போட்டால் வந்து திறக்க வைக்க வார்டுக்கு ஒரு அதிகாரியும் வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் அந்த வாடகைதான் வருமானம், அது எனக்குத் தெரியும். அவருக்கும் ஏதாவது உதவி கிடைத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நாலு வீட்டுப் பெண்களும் சேர்ந்து பேசினோம். மூன்றாம் நாள் பூட்டைத் திறந்தார். அக்கா மாதாமாதம் வாடகையோடு 500 சேர்த்துக் கொடுத்தார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு வரி, ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் கையெழுத்து.