சுண்ணாம்புத் தண்ணீரில் வேகும் மக்காச்சோளம்

கொலம்பஸ் என்றதும் எல்லோருக்கும் 1492தான் ஞாபகம் வரும். எனக்கு அடுத்த வருஷம்தான் பெரிதாகப் படுகிறது. 1493ல் 17 கப்பல்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள், கூடவே குதிரை, மாடு, பன்றி, கோதுமை, கரும்பு என்று குடியேறவே கிளம்பிய கூட்டம் அது. பின்னாடியே பெரியம்மையும் போனது. 1518 கடைசியில் கரீபியன் கடலின் ஹிஸ்பானியோலா தீவு, 1520ல் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்களின் தலைநகர் டெனோச்டிட்லான். ஐரோப்பாவில் அது சின்ன வயதிலேயே வந்துபோகிற நோய், பிழைத்தவர்களுக்குத் திரும்ப வராது. அமெரிக்க மண்ணிலோ யாருமே அதுவரை அதைக் கண்டதில்லை, அதனால் குழந்தை, பெரியவர் எல்லோரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டார்கள். சோறு தண்ணி கொடுக்க ஆளில்லாமல் பசியிலேயே செத்தவர்கள் நிறைய. அஸ்டெக் அரசர் க்விட்லாவாக்கையும் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே அம்மை கொண்டுபோனது.

இதெல்லாம் பலரும் சொல்வதுதான். என் மனசு ஆறாதது மக்காச்சோளத்தின் கதை.

மெக்சிகோ பக்கம் அதை அப்படியே அரைக்க மாட்டார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் கையால் தேய்த்துத் தோலை நீக்கி, அலசி, அப்புறம்தான் அம்மியில் வைப்பார்கள். மாவு மெத்தென்று வரும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் நடக்கும்: தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமின் விடுபட்டு உடம்பில் சேரும்.

ஐரோப்பியர்கள் விதையைக் கொண்டுபோனார்கள், இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். 1735ல் ஸ்பெயினின் அஸ்டூரியாஸில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழை விவசாயிகளின் கையிலும் காலிலும் தோல் சிவந்து வெடித்திருப்பதைப் பார்த்தார், கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோலவும் ஒரு தடிப்பு. முற்றினால் பேதி, புத்தி பேதலிப்பு, மரணம். இத்தாலியில் இதற்குப் பெல்லாக்ரா என்று பேர் வைத்தார்கள். கெட்டுப்போன சோளத்தின் விஷம் என்றார்கள், தொற்றுநோய் என்றார்கள், வறுமையில் கிடந்தவர்களின் பரம்பரைக் கோளாறு என்றுகூடச் சொன்னார்கள். அந்தத் தானியத்தை வளர்த்தெடுத்த மக்கள் அதை எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்கப் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லையே!

உருளைக்கிழங்குக்கும் இதே கதிதான். அது பிறந்த தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து நடுவார்கள், ஒன்றை நோய் தாக்கினாலும் இன்னொன்று நிற்கும். அயர்லாந்தின் ஏழைகளோ லம்ப்பர் என்ற ஒற்றை ரகத்தையே நம்பியிருந்தார்கள். 1845ல் கருகல் நோய் வந்தது, தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள்.

பெல்லாக்ரா 20ஆம் நூற்றாண்டிலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் 1914ல் ஆராய்ச்சியில் இறங்கினார். இது தொற்றாது, சாப்பாட்டுக் குறைதான் என்று காட்ட நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். அப்படியும் பலர் நம்பவில்லை. 1929ல் அவர் இறந்தார், குறைவது நயாசின்தான் என்று தெரிந்தது 1937ல். மெக்சிகோவின் அடுப்படிகளில் அன்றைக்கும் ராத்திரி சோளம் சுண்ணாம்புத் தண்ணீரில்தான் ஊறிக்கொண்டிருந்தது.