வாரோசு: கற்பூரம் கப்பலேறிய ஊர்

இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், மேற்குக் கரையோரம் இருக்கும் பாருஸ் ஊரின் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் நுழைந்து, "கபூர் பாருஸ் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடையில் இருந்த பெண் யோசிக்காமல் எடுத்து நீட்டியது ஒரு பாச்சை உருண்டைப் பாக்கெட். துணி பீரோவில் போடுவோமே, அதேதான். இந்தோனேசியா முழுவதும் அதற்குப் பெயர் கபூர் பாருஸ். பாருஸ் ஊரிலும் அப்படித்தான்.

மலாய் மொழியில் கபூர் என்றால் சுண்ணாம்பு. கற்பூரமும் கபூர்தான். இந்த ஊரின் பெயரை ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிய கற்பூரத்தை, 13ஆம் நூற்றாண்டின் முடிவில் சுமத்ராவில் தங்கிப் போன மார்க்கோ போலோ, எடைக்கு எடை பொன் பெறும் சரக்கு என்று எழுதிவைத்தார். அந்தப் பெயர் இன்று பாச்சை உருண்டைக்குப் போய்விட்டது. பாக்கெட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மனசு கனத்துப் போனது.

சின்ன வயதில் எங்கள் பாட்டி சர்க்கரைப் பொங்கலை இறக்கும்போது, ஒரு குட்டி வெள்ளி டப்பாவைத் திறந்து பச்சைக் கற்பூரம் துளி எடுத்து, விரலால் நசுக்கித் தூவுவார். கடுகளவுதான். அதற்கே கூடம் வரைக்கும் மணக்கும். அந்த வாசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், ஊர்காண் காதை உரையில் கற்பூர வகைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். அதில் ஒன்று 'வாரோசு'. அந்த வாரோசு இந்த பாருஸ்தான்.

மேடானிலிருந்து இரவெல்லாம் வேனில் உட்கார்ந்து சிபோல்கா வந்தேன். அங்கிருந்து கடலோரமாக வடமேற்கே 60 கிலோமீட்டருக்கு மேல். ஒரு பக்கம் இந்தியப் பெருங்கடல், இன்னொரு பக்கம் புக்கிட் பாரிசான் மலை. வழியெல்லாம் தென்னை, ரப்பர், எண்ணெய்ப்பனை. பாருஸில் இறங்கினால் அமைதியான சின்ன ஊர். பள்ளிவாசலும் தேவாலயமும் பக்கம்பக்கமாக இருக்கின்றன. கரையில் மீன்பிடிப் படகுகள். பெரிய துறைமுகத்தின் அடையாளம் எதுவும் கண்ணுக்குப் படவில்லை.

இங்கே வரும் கொஞ்சநஞ்சப் பயணிகளும் பாபான் திங்கி மலைக்குத்தான் போகிறார்கள். நூற்றுக்கணக்கான படி ஏறினால் உச்சியில் ஒரு பழைய இஸ்லாமியக் கல்லறை, ஏழெட்டு மீட்டர் நீளத்தில். நானும் ஏறினேன். மேலிருந்து வயலும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். ஆனால் என் மனசெல்லாம் லோபு துவாவில் இருந்தது.

மறுநாள் காலை, மோட்டார் பைக்கில் பக்கப்பெட்டி பொருத்திய வண்டி ஒன்றைப் பிடித்தேன். மேடான் பக்கம் அதை பெத்தோர் என்கிறார்கள். பாருஸிலிருந்து சில கிலோமீட்டர்தான். படாக் மொழியில் லோபு என்றால் மக்கள் விட்டுப்போன பழைய குடியிருப்பு. நம் ஊரில் நத்தமேடு என்போமே, அந்த மாதிரி. துவா என்றால் பழைய. பெயரே சொல்லிவிடுகிறது, இது பாழ்பட்டு மறுபடி குடியேறிய ஊர் என்று. மரவீடுகள், துருப்பிடித்த தகரக் கூரை, முற்றத்தில் காயும் பாக்கு. நாலு நாய்கள் குரைத்துவிட்டு அடங்கின. அப்புறம் சத்தமே இல்லை.

1873இல் இந்த மண்ணிலிருந்துதான் ஒரு தமிழ்க் கல்வெட்டு வெளிவந்தது. கல்வெட்டு அறிஞர் ஹூல்ஷ் அதைத் தமிழ் என்று கண்டு சொன்னார். நீலகண்ட சாஸ்திரி 1932இல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். பிறகு எ. சுப்பராயலு முழுமையாக வாசித்துப் பொருள் சொன்னார். கல் இப்போது ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. சக ஆண்டு 1010, மாசி மாதம். அதாவது பொது ஆண்டு 1088, நம் பக்கத்தில் முதலாம் குலோத்துங்கன் ஆண்ட காலம்.

ஆனால் கல்லில் குலோத்துங்கன் பெயர் இல்லை. எந்த அரசன் பெயரும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கல்லை நாட்டியவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர். ஊரை 'வரோசான மாதங்கரி வல்லவத் தேசி உய்யக்கொண்ட பட்டினம்' என்று நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டு, வேலைக்கு வந்துவிடுகிறார்கள். வரும் மரக்கலத்தின் நாயனும் கேவிகளும், அதாவது கப்பல் தலைவனும் கப்பலாட்களும், கஸ்தூரி விலையை வைத்துக் கணக்கிட்டுப் பொன் செலுத்த வேண்டும். அதற்குப் பிறகே பாவாடையில் கால் வைக்கலாம். பாவாடை என்றால் இங்கே தரையில் விரிக்கும் துணி, நடைவிரிப்பு. பொன்னைக் கட்டிவிட்டுத்தான் மரியாதையோடு உள்ளே வர முடியும்.

நாம் கடாரம் கொண்டதையே திரும்பத் திரும்பப் பேசுகிறோம். இந்தக் கல் எதையும் கொண்டதாகச் சொல்லவில்லை. கடல் தாண்டி வந்தவர்கள் கூடி உட்கார்ந்து, யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று தங்களுக்குள் பேசி முடித்து எழுதிய கல் இது. எனக்கு அந்தப் பெருமையைவிட இந்தக் கணக்கு பெரிதாகத் தெரிகிறது.

கிளாட் கியோ தலைமையில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் 1995 முதல் சில ஆண்டுகள் இங்கே அகழ்ந்தார்கள். சீனப் பீங்கான், மேற்காசியக் கண்ணாடி, தென்னாசிய மட்பாண்டம் எல்லாம் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கிய ஊர், 11ஆம் நூற்றாண்டு முடியும் வாக்கில் கைவிடப்பட்டிருக்கிறது. கல் நாட்டிக் கொஞ்ச காலத்திலேயே ஊர் காலி.

பாக்கு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். மலேசியாவில் வேலை பார்த்த காலத்து மலாய் கை கொடுத்தது. பாட்டியையும் தாத்தாவையும் அங்கே ஓப்புங் என்றே கூப்பிடுகிறார்கள். ஊர் ஏன் அழிந்தது என்று கேட்டேன். கெர்காசி வந்தது என்றார். கெர்காசி என்றால் அரக்கர். பாருஸின் பழைய வரலாற்று ஏடும் இதையேதான் சொல்கிறது. அப்புறம் உள்ளே போய் ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். மழை பெய்து மண் கரைந்தபோது பொறுக்கிய ஓடுகள். ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டை விரல் அளவு, வெளிர்பச்சைப் பூச்சு, உடைந்த விளிம்பில் சாம்பல் நிற மண். பூச்சு மேல் விரலை ஓட்டினால் இன்னும் வழுவழுவென்று இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். அது அந்த ஊருடையது.

கற்பூர மரத்தைப் பார்க்க வேண்டும் என்றதும், வண்டிக்காரத் தம்பி உள்நாட்டுப் பக்கம் வெகுதூரம் கூட்டிப்போனார். காட்டு ஓரத்தில் தனியாக ஒரு மரம். இந்த மரம் 60 மீட்டர் வரை வளரும். நான் பார்த்தது அதில் பாதி இருக்கலாம். செதில் செதிலாகப் பழுப்புப் பட்டை, நுனி கூர்ந்த சிறிய இலைகள், காய்க்கு ஐந்து இறக்கைகள். ஒரு இலையைக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. ஒரு கணம் கழித்துத்தான் அந்தக் குளிர்ச்சி வந்தது. வெள்ளி டப்பா திறந்ததும் வருமே, அதேதான். கண் கலங்கிவிட்டது.

கற்பூரம் மரத்தின் உள்ளே, தண்டின் வெடிப்புகளில் படிகமாக உறைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிப் பிளந்தால்தான் தெரியும், பல மரங்களில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் அந்த விலை. அதனால்தான் இன்று மரமும் அரிதாகிவிட்டது. நாம் கோயிலில் கொளுத்தும் சூடம் பெரும்பாலும் டர்பென்டைனிலிருந்து ஆலையில் செய்வது. அதற்கும் இந்த மரத்துக்கும் சம்பந்தமே இல்லை.

திரும்பும் வழியில் மறுபடி லோபு துவாவில் நிறுத்தச் சொன்னேன். ஓப்புங் பாக்கை அள்ளிக்கொண்டிருந்தார், மழை வரும் போலிருந்தது. நானும் கூட அள்ளினேன். பிறகு கைபேசியில் வைத்திருந்த கல்வெட்டு வாசகத்தைக் காட்டி, இது உங்கள் ஊர் மண்ணில் கிடைத்த எழுத்து, எங்கள் மொழி என்றேன். படித்துக் காட்டு என்றார். கடைசி வரியைப் படித்தேன்: "அறமறவற்க, அறமே துணை."

அர்த்தம் கேட்டார். என் மலாயில் அறத்துக்குச் சொல் தேடித் தடுமாறி, கடைசியில் தர்மா என்றேன். தலையாட்டினார். எங்கேயோ ஒரு தகரக் கூரையில் மழை விழத் தொடங்கியது. இன்னொரு தடவை படி என்றார். படித்தேன்.