ஒரு தலைக்கு ஒரு வராகன்

ஆகஸ்ட் வந்தா போதும், மெட்ராஸ் டேன்னு வாட்ஸ்அப் குரூப் எல்லாம் நிரம்பி வழியும். 1639, பிரான்சிஸ் டே, நாயக்கர்கிட்ட வாங்குன மணல்திட்டு, செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள இருக்குற செயின்ட் மேரிஸ் சர்ச், அங்க 1680ல கல்யாணம் பண்ணிக்கிட்ட எலிஹு ஏல், அவர் பேர்ல அமெரிக்காவுல ஏல் யுனிவர்சிட்டி. "நம்ம ஊரு கவர்னரா இருந்தவருப்பா"ன்னு ஒரு பெருமை வேற. இந்த வருஷமும் யாரோ ஒருத்தர் அதையே ஃபார்வர்ட் பண்ணாங்க, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா கொஞ்ச நாளாவே ராத்திரில தூக்கம் வராதப்போ போன்ல அந்தக் கோட்டையோட பழைய பதிவேடுகளைத்தான் படிச்சிட்டு இருக்கேன்.

கோட்டையில இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க கவுன்சில் கூட்டம் போட்டு என்ன பேசினாங்க, என்ன முடிவு பண்ணாங்கன்னு அப்பப்போ எழுதி வெச்சுடுவாங்க. எழும்பூர்ல அந்த சிவப்பு செங்கல் கட்டடம் இருக்கே, தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அப்போ அதுக்கு மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ்னு பேரு, அவங்க 1910 வாக்குல இருந்து இதையெல்லாம் வருஷம் வாரியா அச்சுப் போட்டு வெளியிட்டாங்க. இப்போ ஸ்கேன் பண்ணி நெட்லயே கிடைக்குது. ரகசியம்னு ஒண்ணுமே இல்ல. எடுத்துப் படிக்கத்தான் ஆள் இல்ல.

1687ல ஒரு தீர்மானம் வருது. ஊர்ல கடும் பஞ்சம், ஏழைங்க ஏராளமா இருக்காங்க, அவங்க விலையும் மலிவு, அதனால இந்தத் துறைமுகத்துல இருந்து அடிமை வியாபாரம் ரொம்பப் பெருசா வளர்ந்துடுச்சு, ஆகவே இனிமே இந்தக் கரையில இருந்து அனுப்புற ஒவ்வொரு அடிமைக்கும் கம்பெனிக்கு ஒரு வராகன், அதாவது அந்தக் காலத்துத் தங்கக் காசு ஒண்ணு, சுங்கம் கட்டணும், சாவடியில பதிவும் பண்ணணும். இதான் சாரம். பஞ்சத்தைப் பத்தி பேச்சு வருது, ஆனா கஞ்சித்தொட்டி திறக்குறதுக்காக வரல, வரி போடுறதுக்கு ஒரு காரணமா வருது. அந்த வருஷம்தான் வடக்கே முகலாய ராஜா ஔரங்கசீப்போட படை கோல்கொண்டா சுல்தானோட கோட்டையை முற்றுகை போட்டு உக்காந்திருந்துச்சு, சண்டையும் பஞ்சமும் ஒண்ணா வந்தா கிராமத்துல என்ன நடக்கும்னு சொல்லவே வேணாம். அந்த வருஷம் ஒரே மாசத்துல மட்டும் குறைஞ்சது 665 பேரைக் கப்பல் ஏத்தியிருக்காங்க. ஐரோப்பா போற கப்பல் ஒவ்வொண்ணுலயும் குறைஞ்சது பத்து அடிமை ஏத்தணும்னு ஏல் காலத்துல உத்தரவே இருந்துச்சு.

எங்க சித்தப்பா ஹார்பர்ல டேலி கிளார்க்கா இருந்து ரிடையர் ஆனவர். அந்தப் பக்கத்தை அவர்கிட்ட காட்டி, தமிழ்ல படிச்சு சொன்னேன். கண்ணாடியைக் கழட்டிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "டேய், நாங்க மூட்டைக்கு எழுதுறது இப்படித்தாண்டா. என்ன சரக்கு, எத்தனை, சுங்கம் கட்டியாச்சா. அவ்ளோதான்"னார். அவர் சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது, அந்தத் தீர்மானத்துல வரி இருக்கு, விலை இருக்கு, போறவங்க யாரு எந்த ஊரு ஆணா பொண்ணா எதுவுமே இல்ல.

இன்னொண்ணு கேட்டார். "ஹார்பரே கிடையாதேடா அப்போ, எப்படி ஏத்துனாங்க?" கரெக்ட்டான கேள்வி. இங்க செயற்கைத் துறைமுகம் வந்ததே 19ம் நூற்றாண்டு கடைசியிலதான். அதுக்கு முன்னாடி கப்பல் எல்லாம் தூரத்துல நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், கரையில இருந்து மசூலா படகுதான் போகணும். அதுல ஆணியே கிடையாது, பலகையைத் தென்னங்கயித்தால தைச்சிருப்பாங்க, ஆணி அடிச்ச படகா இருந்தா நம்ம அலைக்கு உடைஞ்சிடும். இப்போ ராஜாஜி சாலையில பஸ் போகுதே, அலை அப்போ கிட்டத்தட்ட அங்க வரைக்கும் வந்து கோட்டைச் சுவர் பக்கத்துலயே அடிச்சிட்டு இருந்துச்சு. கடலையே பார்த்திராத உள்நாட்டு ஜனங்க, முக்கால்வாசி பட்டினி உடம்பு, அந்த அலையைத் தாண்டி தூக்கிப் போட்டு தூக்கிப் போட்டு கப்பலுக்குப் போறதை நினைச்சுப் பாருங்க.

சரி, 1688 மே மாசத்துக்கு வருவோம். அதே ஏல் தலைமையில அதே கவுன்சில் இந்த வியாபாரத்தைத் தடை பண்ணுது. இங்க இருந்தோ பக்கத்துத் துறைமுகத்துல இருந்தோ அடிமை வாங்கி அனுப்புனா தலைக்கு 50 வராகன் அபராதம். இதை மட்டும் பிச்சு எடுத்து, பாத்தீங்களா ஏல் அடிமை வியாபாரத்தை ஒழிச்சவருன்னு சொல்றவங்க இருக்காங்க. தீர்மானத்தை முழுசா படிங்க சாமி. முதல் காரணமா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? அடிமைங்க கிடைக்கிறது அரிதாயிடுச்சு, அதனால சுங்கத்துல கம்பெனிக்குப் பெரிய லாபம் இல்லையாம். ரெண்டாவது, பிள்ளைங்களையும் வேலைக்காரங்களையும் திருடிட்டுப் போறாங்கன்னு உள்ளூர் அரசாங்கத்துல இருந்து புகார் மேல புகார், பெரிய தொல்லையா இருக்கு. மூணாவது, கோல்கொண்டா விழுந்து இப்போ முகலாயர் ஆட்சி, அவங்களுக்கு இந்த வியாபாரம் ஆகவே ஆகாது, மசூலிப்பட்டணத்துல டச்சுக்காரங்க அடிமை ஏத்துனதுக்கே கோவிச்சுக்கிட்டாங்க, நமக்கு எதுக்கு வம்பு. அவ்ளோதான் தடை. இதுல இரக்கம்னு ஒரு வரி கூட நான் பார்க்கல. போன வருஷம் ஒரு வராகன் கட்டுனா தாராளமா அனுப்பலாம், இந்த வருஷம் அனுப்புனா ஐம்பது, நடுவுல மாறுனது லாபக் கணக்கும் பக்கத்து ராஜாவும்தான்.

பிள்ளைங்களைத் திருடினதை வேற யாரோ எதிரி எழுதி வைக்கல, அவங்களே எழுதியிருக்காங்க, அதான் எனக்கு இந்தப் பதிவேடு மேல ஒரு மரியாதை. பொய் சொல்ற அவசியம் கூட அவங்களுக்கு வரல.

டச்சுக்காரங்க இதுல இன்னும் பெரிய கை. பழவேற்காட்டுல நாம பறவை பாக்கப் போறோமே, அங்க 1613லயே கெல்டிரியா கோட்டை கட்டிட்டாங்க. 1622, 23 பஞ்சத்துல பழவேற்காடு, தேவனாம்பட்டினம் மாதிரி துறைமுகங்கள்ல இருந்து 1,900 பேரை அடிமையா ஏத்துனாங்க. 1646ல பட்டேவியாவுக்கு, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுக்கு, 2,118 பேர், அதுல பெரும்பகுதி தெற்குக் கரையில இருந்து, தொண்டி அதிராம்பட்டினம் காயல்பட்டினம் பக்கம்கூட ஆள் பிடிச்சிருக்காங்க. தஞ்சாவூர் சீமையை பீஜாப்பூர் படை சூறையாடுன 1659ல இருந்து 61க்குள்ள எட்டாயிரத்துல இருந்து பத்தாயிரம் பேர் வரைக்கும் போயிருப்பாங்கன்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணிக்கிறாங்க. பஞ்சம், படையெடுப்பு, உடனே கப்பல். ஒவ்வொரு தடவையும் இதே வரிசைதான். டச்சுக் கம்பெனி ஆவணங்களை 2003ல யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியல்ல சேர்த்தாங்க, அதுல ஒரு பங்கு நம்ம எழும்பூர்லதான் இருக்கு.

தென்னாப்பிரிக்காவுல, அப்போ டச்சுக்காரங்க கையில இருந்த கேப் டவுனோட ஆவணங்கள்ல அடிமைகளுக்கு ஒரு பேரும், கூடவே வந்த ஊரும் எழுதியிருக்கும். கேத்தரினா, பழவேற்காட்டைச் சேர்ந்தவள்னு ஒரு பொண்ணு அதுல வர்றா. அந்தப் பேரும் எஜமான் வெச்ச பேர்தான், அப்பா அம்மா வெச்ச பேர் இல்ல. இருந்தாலும் ஊர் பேர் ஒட்டிக்கிட்டே போயிருக்கு பாருங்க.

வெள்ளைக்காரன் மேல மட்டும் பழியைப் போட்டுட்டு நாம கையைக் கழுவிக்க முடியாது. கிராமத்துல இருந்து ஆளை ஓட்டிட்டு வந்த தரகர்கள் இந்த மண்ணுக்காரங்கதான். நிலத்தோட சேத்து ஆளையும் வித்த பழக்கம் கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே இங்க இருந்துச்சு, யாரை வித்தாங்க யார் வித்தாங்கன்னா அது சாதியில போய்தான் நிக்கும். 1819ல வருவாய் வாரியம் இதைப் பத்தி விசாரிச்சு பக்கம் பக்கமா எழுதி வெச்சுது, எழுதுனதோட சரி. 1843ல அடிமை முறைக்கு எதிரான சட்டம் வர்றவரைக்கும் கோர்ட்டுல அடிமைங்கிற உரிமை செல்லுபடியாச்சு. அதைத் தனியா எழுதணும், இங்க அவசரமா சொல்லிட்டுப் போனா சரியா இருக்காது.

ஏல் கதை எப்படி முடிஞ்சுதுன்னா, 1692ல பதவி போச்சு. புகார் எல்லாம் சொந்த வியாபாரம் பண்ணினது, கம்பெனி காசுல கை வெச்சது, கவுன்சிலை மதிக்காதது. லண்டன் போய் செட்டில் ஆகி, 1718ல அமெரிக்காவுல ஒரு சின்ன காலேஜுக்கு 417 புத்தகம், இங்கிலாந்து ராஜா படம், ஒன்பது பேல் சரக்கு அனுப்பி வெச்சார், சரக்கை வித்து 562 பவுண்டு கிடைச்சுது, காலேஜுக்கு இவர் பேரை வெச்சாங்க. அங்கயே அவரோட ஒரு படம் இருக்கு, பக்கத்துல ஒரு கறுப்பினச் சின்னப் பையன் கழுத்துல பூட்டுப் போட்ட பட்டையோட நிக்கிறான். 2020ல அதைச் சுவத்துல இருந்து கழட்டி ஆராய்ச்சி பண்ணாங்க, 2024ல அடிமை முறையோட இருந்த தொடர்புக்கு யுனிவர்சிட்டி மன்னிப்பும் கேட்டுது.

இங்க ஹைகோர்ட் வளாகத்துல ஏலோட மகன் டேவிட்டுக்கு, சின்ன வயசுலயே செத்துப்போன பையன், ஒரு பெரிய கூம்புக் கல்லறை நிக்குது. அடுத்த மெட்ராஸ் டேக்கு ஹெரிடேஜ் வாக் கூட்டிட்டுப் போறவங்க அங்க நின்னு ஏலைப் பத்தி சொல்றப்போ அந்த ரெண்டு தீர்மானத்தையும் சத்தமா படிச்சுக் காட்டுங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. படிக்க ஆள் வேணும்னா நான் வர்றேன்.