சத்துருவை நேசிப்பதும் சகோதரனை மன்னிப்பதும்

சத்துருக்களை நேசியுங்கள் என்ற கட்டளையையும், தீங்கிழைத்தவரை மன்னியுங்கள் என்ற போதனையையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது பிரசங்கங்களில் வழக்கமாகிவிட்டது. தொடக்ககாலத் திருச்சபையின் எழுத்துகளை வாசிக்க வாசிக்க, இவை உறவுடையவையே தவிர ஒன்றல்ல என்ற எண்ணம் எனக்குள் உறுதிப்பட்டு வருகிறது.

மத்தேயு 5:44 எந்த நிபந்தனையும் விதிப்பதில்லை. துன்புறுத்துகிறவர் மனம் மாறுவதற்கு முன்பே அவருக்காக ஜெபிக்கச் சொல்கிறது. பழைய சபைக் கையேடான திதாக்கே, அவர்களுக்காக உபவாசமும் இருக்கச் சொல்கிறது. சிமிர்னாவின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பு, தம்மைக் கைது செய்ய வந்தவர்களுக்கு உணவு கொடுக்கச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டதாக அவருடைய இரத்தசாட்சி வரலாறு கூறுகிறது. மனத்தில் கசப்பு மிஞ்சியிருந்தாலும் ஒருவரால் செய்யக்கூடிய செயல்கள் இவை.

மன்னிப்பைப் பற்றி லூக்கா 17:3 பேசும் விதம் வேறு: குற்றம் செய்த சகோதரனைக் கடிந்துகொள்ள வேண்டும், அவன் மனம் வருந்தினால் மன்னிக்க வேண்டும். 250-ஆம் ஆண்டு ரோமப் பேரரசர் தேசியுஸ் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டபோது, அஞ்சிப் பலியிட்ட கிறிஸ்தவர்கள் பலர் பின்னர் சபைக்குத் திரும்ப விரும்பினார்கள். ரோமில் நொவாத்தியான் என்ற மூப்பர் அவர்களை ஏற்கவே கூடாது என்றார். ஆனால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான், தவமுயற்சிக்குப் பின் ஏற்கலாம் என்ற வழியைத் திறந்தார். அதே சிப்ரியான், சில ஆண்டுகளுக்குள் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, தம்மவருக்கு மட்டுமன்றிப் பிறருக்கும், பகைவருக்கும்கூட நன்மை செய்யத் தம் மக்களைத் தூண்டினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பொந்தியு குறிப்பிடுகிறார். சொந்தச் சபையாரிடம் மனந்திரும்புதலைக் கேட்ட மனிதர், பகைவரிடம் எதையும் கேட்கவில்லை. என் வாசிப்புக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தென்படவில்லை.

மாற்கு 11:25 இதற்கு எதிராக நிற்பதாகத் தோன்றலாம். ஜெபிக்க நிற்கும்போதே மன்னிக்கும்படி அது நிபந்தனையின்றிச் சொல்கிறது. அந்த வசனம் பழிவாங்கும் எண்ணத்தைக் கடவுள் முன் கைவிடுவதைப் பற்றியது என்றும், லூக்கா பேசுவது முறிந்த உறவை மீட்பதைப் பற்றி என்றும் நான் புரிந்துகொள்கிறேன். தம்மீது கல்லெறிந்தவர்களுக்காக முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் ஜெபித்தபோது, அவர்களில் எவரும் அவரோடு ஒப்புரவாகியிருக்கவில்லை.

வீட்டிலோ சபையிலோ கொடுமைக்கு உள்ளானவரிடம், கொடுமை செய்தவர் வருந்தவே இல்லாத நிலையில், மன்னித்து மறுபடி சேர்ந்து வாழும்படி வசனத்தைக் காட்டி வற்புறுத்துகிறார்கள். கொடுமை செய்தவருக்காக ஜெபிக்கும்படி கேட்க அந்த வசனங்களில் இடமுண்டு. அவருடைய கைக்கெட்டும் தூரத்துக்குத் திரும்பும்படி கேட்க இடமில்லை.