ரிட்டர்ன் மாதத்து நாட்குறிப்பு

8 ஜூலை 2024, திங்கள்

ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவளுக்கு ஜூலையில் இரண்டு தொல்லை. ஒன்று, 31-ம் தேதிக்குள் போட்டாக வேண்டிய வருமான வரி ரிட்டர்ன்கள். இன்னொன்று கல்யாண விசாரிப்பு. 17-ம் தேதி ஆடி பிறந்துவிட்டால் யாரும் பேச்சு எடுக்க மாட்டார்கள். அதற்குள் ஜாதகம் பொருந்திய இடத்தையெல்லாம் துருவியாக வேண்டும்.

சாயங்காலம் மொடக்குறிச்சி அத்தை போன். "ஏங்கண்ணு, அந்த மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க உங்க ஆபீஸ்லதான் கணக்கு எழுதறாங்களாமா. எவ்வளவு வருதுன்னு மட்டும் சொல்லு சாமி."

சொல்லக் கூடாது அத்தை என்றேன். "சரி, சொல்ல வேண்டாம். நல்ல எடமான்னு தலைய மட்டும் ஆட்டு."

போனில்!

11 ஜூலை, வியாழன்

சொன்னாலும் அத்தைக்கு உதவாது. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. காலிங்கராயன் பாசனத்தில் மஞ்சள் போடுகிறவருக்கு வேறு வருமானம் இல்லையென்றால் எங்களிடம் ஒரு காகிதம்கூட இருக்காது. பல வருடம் குவிண்டால் ஏழாயிரம், எட்டாயிரம் என்று கிடந்த மஞ்சள், போன வருடம் பாதியிலிருந்து ஏற ஆரம்பித்தது. மூட்டையை விற்காமல் குடோனில் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு நல்ல காலம்.

அப்படிக் காத்திருந்தவர் ஒருவர் இன்று வந்தார். அதே பழைய டிவிஎஸ் எக்ஸ்எல், சீட்டில் கிழிசலை மறைக்க உரச்சாக்கு. வண்டியை மாற்றலாமே என்று பக்கத்து மேசைப் பையன் கேட்டான். "மாத்தலாந் தம்பி. மறுநாளே பங்காளி கைமாத்துக்கு வந்து நிப்பான். இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

16 ஜூலை, செவ்வாய்

ஜவுளி வியாபாரி. பெயர் வேண்டாம். அவர் கார் வந்து நின்றால் எதிர் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். அவர் கணக்கு ஆடிட்டுக்குப் போவது, செப்டம்பர் வரை நேரம் உண்டு. ஆனால் பேங்கில் கடன் லிமிட் புதுப்பிக்க வேண்டியிருப்பதால் இப்போதே வந்துவிட்டார்.

ஓவர்டிராஃப்ட் விளிம்பில் நிற்கிறது. வர வேண்டிய பாக்கி வரவில்லை, அதனால் கொடுக்க வேண்டியதையும் கொடுக்கவில்லை. இதில் புதுச் சட்டம் வேறு. பதிவு செய்த சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் 15 நாளில், ஒப்பந்தம் எழுதியிருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்துவிட வேண்டும். கெடு தாண்டி மார்ச் 31-லும் பாக்கி நின்றால், அந்தத் தொகையை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது. இந்த வருடக் கணக்கிலிருந்துதான் அமல். தறிக்காரர்களுக்கு நிற்கும் பாக்கி அப்படியே இவர் லாபத்தில் ஏறிவிட்டது. கையில் காசில்லாததால் வருமானம் கூடிப்போன மனுஷனை இன்றுதான் பார்க்கிறேன்.

ஆடிட்டர் சார் மெதுவாக, "காரைக் குடுத்துருங்களேன், மாசத் தவணையாவது குறையும்" என்றார்.

"காரைக் குடுத்தா அடுத்த வாரமே நூல்காரன் ரொக்கம் கேப்பானுங்க சார். இப்பக் கடனுக்குப் போடறதே இந்த வண்டியப் பாத்துத்தான்."

சார் பதில் பேசவில்லை. எனக்கும் அதற்கு எதிர்வாதம் கிடைக்கவில்லை. டீக்கடைக்காரர்கள் ஏமாந்தால் அவர்களுக்கு நஷ்டமில்லை. நூல்காரர் அதே கண்ணால் பார்த்துத்தான் லட்சக்கணக்கில் சரக்கு அனுப்புகிறார்.

23 ஜூலை, செவ்வாய்

பட்ஜெட். தங்கத்துக்கு இறக்குமதி வரி 15 சதவீதத்திலிருந்து 6. ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே இல்லை.

நகையை அடகு வைத்தாலே கஷ்டம் என்று எங்கள் ஆபீஸிலேயே நினைக்கிறார்கள். மூன்று லட்சம் வரை விவசாயக் கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவறாமல் கட்டினால் அதிலும் 3 குறையும். அதற்காகவே பெட்டியில் சும்மா கிடக்கும் நகையைக் கொண்டுபோய் வைக்கிற வசதிக்காரர்கள் உண்டு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மீட்டு, மறுவீடு முடிந்ததும் திரும்ப வைப்பவர்களும் உண்டு. மண்டபத்தில் இரண்டு கழுத்தும் ஒன்றாகத்தான் மின்னும்.

27 ஜூலை, சனி

சங்ககிரி லாரிக்காரர் ரிட்டர்ன். பத்து வண்டிக்கு மேல் இல்லாதவர்கள் கணக்குப் புத்தகம் இல்லாமலே வருமானம் காட்டலாம். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டியென்றால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். 25 டன் வண்டி என்றால் வருடத்துக்கு மூன்று லட்சம். லோடு கிடைத்ததா, டோல்கேட்டிலேயே போய்விட்டதா என்ற பேச்சில்லை. சட்டமும் வண்டியின் உருவத்தைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறது.

மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். வீட்டில் சொந்தக் கார் இருந்தாலோ, வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடினாலோ மாதம் ஆயிரம் கிடையாது. பின்னே, ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் எட்டிப் பார்க்கவா முடியும்?

31 ஜூலை, புதன்

ராத்திரி பன்னிரண்டு வரை ஆபீஸ். எழுதத் தெம்பில்லை.

3 ஆகஸ்ட், சனி

ஆடிப் பதினெட்டு. கருங்கல்பாளையம் ஆற்றுக்கு வந்த அத்தை அப்படியே வீட்டுக்கு வந்தார். நான் கைவிட்ட பிறகு அவரே விசாரித்துவிட்டாராம். போனது தோட்டத்துக்கல்ல; அந்த ஊர்ப் பால் சொசைட்டிக்கும் உரக்கடைக்கும்.

"காலையில எத்தனை லிட்டர், சாயங்காலம் எத்தனைன்னு நோட்டுல இருக்குது. பால் பணத்தை மாமியாக்காரியே கையில வாங்கறா. உரக்கடையில பாக்கி இல்லை. ஊடு ஓட்டு ஊடுதான், இருந்துட்டுப் போகுது."

எங்கள் ஆபீஸில் இவருக்கு ஒரு மேசை போடலாம். "பையன் பெங்களூர்ல வேலையில இருக்கானே, சம்பளம் கேட்டீங்களா அத்தை?" என்றேன்.

"அதை வேற கேக்கோணுமா? போட்டோவுல சட்டையப் பாத்தாலே தெரியுதே!"

அந்தச் சட்டைக்காரன் ரிட்டர்னைப் புதன் ராத்திரி போட்டவள் நான். காபி வேண்டுமா அத்தை என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.