காமர்ஸ் குரூப்பிலிருந்து நியூரானுக்கு

பி.எஸ்சி. உளவியலில் சேர்கிற பலரும் கனவு, ஆழ்மனம், ஆளுமை, கவுன்சிலிங் என்று எதிர்பார்த்துத்தான் வருகிறார்கள். ஊரிலும் அதே நினைப்புதான். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "சைக்காலஜியா படிக்க? அப்போ எனக்க மனசுல இப்போ என்ன ஓடுதுன்னு சொல்லு பாப்போம்" என்று கேட்காத மாமா எங்கள் குடும்பத்தில் ஒருவர்கூட இல்லை. முதல் வருடத்திலேயே உயிர்சார் உளவியல் என்று ஒரு தாள் வந்து நிற்கும் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நியூரான் என்ற நரம்புச் செல், அது அடுத்த செல்லைச் சந்திக்கும் சினாப்ஸ், லிம்பிக் மண்டலம், நாளமில்லாச் சுரப்பிகள் என்று பாதி மருத்துவக் கல்லூரிப் பாடம் மாதிரி இருக்கும். நான் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். உயிரியலைக் கடைசியாகப் பார்த்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில்.

திங்கள்நகரிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போய்ப் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் சயின்ஸ் குரூப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு இது எளிதாக இருக்கும் என்று முதலில் பொறாமைப்பட்டேன். பார்த்தால் அவர்களுக்கும் பெயர்கள்தான் தெரிந்திருந்தன. நியூரானின் நீள இழையான ஆக்சான் எங்கே, கிளைகளான டென்ட்ரைட் எங்கே என்று படத்தில் காட்டுவார்கள். அதற்கு மேல் கேட்டால் நானும் அவர்களும் ஒன்றுதான்.

புத்தகம் இன்னொரு தொல்லை. அமெரிக்கப் பாடப்புத்தகம், தலையணை கனம், வாங்குகிற விலையும் இல்லை. அதனால் எல்லாரிடமும் இருப்பது ஜெராக்ஸ். மூலப் புத்தகத்தில் முன்மடலுக்கு ஒரு நிறம், பக்கமடலுக்கு ஒரு நிறம் என்று அழகாகத் தீட்டியிருப்பார்கள். ஜெராக்ஸில் எல்லாம் ஒரே சாம்பல். பெரிய சாம்பல், சின்னச் சாம்பல், அவற்றுக்கு நடுவில் எங்கே போய் முடிகிறதென்றே தெரியாத ஓர் அம்புக்குறி. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கலர் பென்சிலால் நானே தீட்டிக்கொண்டேன். அழகுக்குச் செய்ததுதான், ஆனால் எந்தப் பகுதி எதை ஒட்டி இருக்கிறது என்பது அப்போதுதான் தலையில் ஏறியது.

இண்டர்னல் தேர்வுக்குப் பெயர்களை மனப்பாடம் செய்வேன், எழுதுவேன், அடுத்த வாரம் ஒன்றும் நினைவில் இருக்காது. இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு வரி வந்து இடறியது: ஓய்வில் இருக்கும் நியூரானின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. சரி, அது எப்படித் தெரியும்? கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்குள் யார் கம்பியைச் செருகி அளந்தது?

தேடிப் பார்த்தால், அளந்தது மனிதனில் அல்ல, கணவாயில்! நம் உடம்பிலுள்ள ஆக்சான்களின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்கில்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டு அதில் சில பங்கு. ஊசிக்கணவாயிடம் இருக்கிற ராட்சத ஆக்சான் அரை மில்லிமீட்டர் வரும், சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட. ஆபத்து என்றால் உடம்பை ஒரே நேரத்தில் சுருக்கி, தண்ணீரைப் பீய்ச்சி, பின்பக்கமாகப் பாய்ந்து தப்புவதற்கு அதற்கு அவ்வளவு தடித்த நரம்பு வேண்டும். நமக்கு ஆக்சானைச் சுற்றிக் கொழுப்பாலான மயலின் உறை இருப்பதால் மெல்லிய ஆக்சானிலும் சைகை வேகமாக ஓடும். அந்த உறை கணவாய்க்கு இல்லை, அதனால் அது தடிமனில் ஈடுகட்டுகிறது. 1936-ல் ஜே. இசட். யங் என்ற விலங்கியலாளர் இது நரம்பிழைதான் என்று எடுத்துக்காட்டினார். 1939-ல் இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதற்குள் நீளவாக்கில் மின்முனையை இறக்கிவிட்டார்கள்.

குளச்சலில் இறங்குகிற மீன்தானே எங்கள் சந்தைக்கு வருகிறது. அடுத்த முறை வீட்டில் கணவாய் வாங்கியபோது ஒன்றை எனக்கென்று ஒதுக்கச் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தேகம். "மக்ளே, கறிக்கு வாங்கின சாதனம் அது, கெடுத்துப் போட்டிராதே" என்றபடியே ஒரு சின்னதைத் தள்ளிவிட்டார். கறிக்கு வெட்டுகிற மாதிரி வளையமாக வெட்டினால் காரியம் கெட்டது. தலையை மெதுவாக இழுத்து, மைப்பை உடையாமல் குடலை எடுத்துவிட்டு, புனல் இருக்கிற பக்கத்தில் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டி, உடம்பைப் புத்தகம்போல விரிக்க வேண்டும். உட்சுவரில், தலைப்பக்க விளிம்புக்குச் சற்றுக் கீழே, நடுவில் இருக்கிற கண்ணாடி முள்ளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெளிறிய புள்ளி. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அந்தப் புள்ளியிலிருந்து நாலா பக்கமும் இழைகள் விரிவது தெரியும். அதுதான் நட்சத்திர நரம்புமுடிச்சு. பின்பக்கமாக ஓடுகிற இழைதான் எல்லாவற்றிலும் தடிப்பு. ஊசி முனையால் தூக்கிப் பார்த்தேன், கொஞ்சம் தூக்கியதுமே அறுந்துவிட்டது. மறுபக்கத்தில் இருந்ததைத் தொடாமல், தம்பியின் உருப்பெருக்குக் கண்ணாடி வழியே எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. அப்புறம் அதையும் வெட்டிக் கறியில் போட்டாயிற்று.

அதன் பிறகு, நியூரான் சைகை அனுப்பும்போது அதன் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்கிற செயல்மின்னழுத்தப் பாடம் எனக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாகவே இல்லை. வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைத் தக்கவைக்க ஒரு பம்ப் ஓயாமல் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. தூண்டல் வந்து உள்மின்னழுத்தம் ஏறத்தாழ -55 மில்லிவோல்ட்டைத் தொட்டால் சோடியம் வாயில்கள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, உட்புறம் நேர்மின்னுக்குப் போய்விடுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியே போக, பழைய நிலை. எல்லாம் ஓரிரு மில்லிநொடிக்குள். ஹாட்ஜ்கினையும் ஹக்ஸ்லியையும் திகைக்க வைத்தது அந்த 'நேர்மின்' பகுதிதான். பூஜ்யம் வரை ஏறி நின்றுவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். காரணத்தைச் சமன்பாடுகளோடு முழுதாகச் சொல்வதற்குள் போர் வந்து, முடிந்து, 1952 ஆகிவிட்டது. அந்தச் சமன்பாடுகளுக்கான கணக்கை ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப்பொறியில் போட்டார் என்று படித்தபோது, கால்குலேட்டர் இல்லாமல் கையொடிய பேலன்ஸ் ஷீட் போட்ட எனக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியமே வந்துவிட்டது. 1963-ல் எக்கிள்ஸ் என்ற நரம்பு ஆய்வாளரோடு சேர்த்து இருவருக்கும் நோபல்.

இங்கிருந்துதான் என் படிப்பு முறை மாறியது. எந்தத் தலைப்பு வந்தாலும், பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 'இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்' என்பதை முதலில் தேடுவேன். நரம்பில் சைகை ஓடும் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய ஆட்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1850-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி தவளையின் கால் நரம்பை எடுத்து அளந்தார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டர் பக்கம். சினாப்ஸில் வேதிப்பொருள்தான் செய்தியைக் கடத்துகிறது என்பதற்கு 1921-ல் ஓட்டோ லோவி காட்டிய சான்று இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்து, அதைச் சுற்றியிருந்த திரவத்தை மற்றதன்மேல் விட்டார்; இரண்டாவதும் மெதுவாகத் துடித்தது. அந்தத் திரவத்தில் இருந்த வேதிப்பொருள்தான் அசிட்டைல்கோலின். இந்தக் கதை தெரிந்தவனுக்கு அது மறக்காது. தெரியாதவன் நரம்புக்கடத்திகளின் பட்டியலில் ஐந்தாவதா ஆறாவதா என்று தடுமாறுவான்.

வகுப்பில் செய்து பார்க்க முடிந்ததும் உண்டு. அடிக்கோல் சோதனை: ஒருவர் ஸ்கேலை மேலே பிடித்து விட, மற்றவர் கீழே விரல்களால் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி. செலவு ஒன்றும் இல்லை.

நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் மட்டும் எனக்குப் புத்தகம் வழியாக வரவில்லை, அத்தை மகன் வழியாக வந்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையில் அடங்கவில்லை, திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான். ஈ.ஈ.ஜி., எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்துவிட்டு, அறுவைசிகிச்சை செய்யலாமா என்று முடிவெடுக்கும் முன்னால் அவனை ஒரு தனி அறையில் உட்காரவைத்து ஏதேதோ கேட்டிருக்கிறார்கள். வெளியே வந்தவன் என்னிடம், "டாக்டர் இல்ல, சைக்காலஜிஸ்ட்டாம். கொஞ்சம் வார்த்த சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னாவ. கொள்ளாம். அப்புறம் கோடு கோடா ஒரு படத்த வரையச் சொன்னாவ, அர மணிக்கூர் களிச்சு அதையே பாக்காம வரையச் சொன்னாவ. வலிப்புக்கும் படத்துக்கும் என்ன மக்கா?" என்றான்.

என்ன சம்பந்தம் என்றால், அதற்குப் பின்னால் ஹென்றி மொலைசன் இருக்கிறார். 1953-ல் அவருடைய வலிப்பை நிறுத்துவதற்காக ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையில் நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கிற பொட்டு மடலின் உட்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார், ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியோடு சேர்த்து. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் பல வருடம் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு மில்னர் புது ஆள். அதே சமயம் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரைகிற பயிற்சியில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தார், பயிற்சி எடுத்ததே அவருக்கு ஞாபகமில்லை. நினைவு ஒரே சரக்கல்ல என்று உளவியலுக்குக் காட்டியவர் அவர்தான். 2008-ல் இறக்கும் வரை நூல்களில் எச்.எம். என்ற எழுத்துகளாகவே இருந்தார். இன்று இந்த அறுவையை ஒரு பக்கம்தான் செய்கிறார்கள். எடுக்கப்போகிற பக்கம் நினைவில் எவ்வளவு பங்கு வகிக்கிறது, மிச்சமிருக்கும் பக்கம் தாங்குமா என்று கணிப்பதற்குத்தான் அந்த வார்த்தைப் பட்டியலும் படமும். சொற்களை நினைவில் வைப்பதில் பெரும்பாலும் இடப்பக்கத்துக்குப் பங்கு கூடுதல். இதை அவனுக்கு விளக்கிச் சொன்னபோதுதான், உளவியல் படித்தவர்களுக்கு அந்த ஆஸ்பத்திரி அறைக்குள் ஒரு நாற்காலி இருக்கிறது என்பது எனக்கே உறைத்தது.

இந்த விஷயத்தில் உறவுக்காரர்களிடம் ஒரு பயனும் கிடைத்தது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கம் எங்கள் பக்கமும் உண்டு. வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே நிற்கும். சாவிக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மனசில் ஓடுவதைச் சொல்லத் தெரியாத பிள்ளை என்ற பெயர் கொஞ்சம் மாறியிருக்கிறது.

படிக்கப் பயன்படுத்திய பொருட்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடிப்படைக்கு நான் போனது தம்பியின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் நரம்பு மண்டலப் பாடத்துக்கு. கூச்சப்பட ஒன்றுமில்லை, தமிழில் அவ்வளவு தெளிவாக வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மேல் எம்.ஐ.டி.யில் நான்சி கான்விஷர் நடத்திய மனித மூளை வகுப்புகள் யூடியூபில் இலவசமாக இருக்கின்றன. முகங்களை அடையாளம் காணும் மூளைப் பகுதியைப் பற்றி ஆய்வு செய்தவரே நடத்துகிற பாடம். ஆங்கிலம் வேகமாகப் போகும், வேகத்தை 0.75-இல் வைத்து, சப்டைட்டில் போட்டுப் பார்த்தேன். ஸ்டான்போர்டின் ராபர்ட் சபோல்ஸ்கி பேச்சு சுவையாக இருக்கும், ஆனால் தேர்வுக்கு முந்தின வாரம் திறந்தால் ஆபத்து, நிறுத்த மனம் வராது.

ஆட்டு மூளையும் வாங்கிப் பார்த்தேன். கறிக்கடையில் தலையை நடுவாகப் பிளந்துதான் தருகிறார்கள் என்பதால் நமக்கு வேண்டிய நடுவெட்டுத் தோற்றம் கேட்காமலே கிடைத்துவிடுகிறது. வெள்ளையாக வளைந்து தெரிவது மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கிற கார்ப்பஸ் கலோசம். சும்மா கத்தி வைத்தால் குழைந்துவிடும், கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்க வேண்டும். நமக்குச் சிறுமூளை கீழே ஒளிந்திருக்கும், ஆட்டுக்குப் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும். அவ்வளவுதான்.

தேர்வில் இதெல்லாம் எடுபடுமா என்றால், பாதி எடுபடும். கேள்வி 'நியூரானின் அமைப்பைப் படத்துடன் விளக்குக' என்றுதான் வரும். லோவியின் தவளைக்குத் தனி மதிப்பெண் கிடையாது. பாகங்களைக் குறித்த படம் அவசியம். வெற்றுத்தாளில் பார்க்காமல் வரைந்து, ஜெராக்ஸோடு ஒப்பிட்டு, விட்டதைச் சிவப்பில் குறித்து, மறுநாள் மறுபடி வரைவது என்று வைத்துக்கொண்டேன். ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் நிலைமை வேறு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஓய்வு மின்னழுத்தம் பற்றிக் கேட்க, நான் ஊசிக்கணவாயில் ஆரம்பித்துவிட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரராம், ஓட்டுக்கணவாயிலும் அந்த ராட்சத ஆக்சான் இருக்குமா என்று திருப்பிக் கேட்டார். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இப்போது கடைசி வருடம், புராஜெக்ட் நேரம். 1935-ல் ஸ்ட்ரூப் செய்த சோதனையை எடுத்திருக்கிறேன்: 'பச்சை' என்ற சொல் சிவப்பு மையில் இருந்தால், மையின் நிறத்தைச் சொல்ல நமக்கு நேரம் கூடும். விளவங்கோடு பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளில் தமிழும் மலையாளமும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த மொழியில் தடை அதிகம் என்று பார்க்க வேண்டும். சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் செய்கிறேன். அதில் 'பச்சை'யின் ஐகாரக் கொம்பு எழுத்தை விட்டுப் பிரிந்து தனியாக நின்றது. ஒவ்வொரு சொல்லையும் படமாக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. கைடு மேடம் ஒப்புதல் கொடுத்தாயிற்று, பங்கேற்பவர்களின் சம்மதப் படிவமும் இரண்டு மொழியில் தயார். எங்கள் வகுப்பில் பையன்கள் குறைவு என்பதால், ஆண் பங்கேற்பாளர்களுக்கு அடுத்த வாரம் இயற்பியல் துறைக்குப் போய்க் கேட்க வேண்டும்.